கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்; மென்பொருள் பொறியியலையும் வணிகச் செயல்முறை மேலாண்மையையும் தனித்தனியாக நடத்துவதா, சேர்த்தா?

சேர்த்தே நடத்துங்கள். கிருஷ்ணகிரியில் கல்லூரி என்கிறீர்கள், அப்படியென்றால் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது: மாணவர்களை ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு அழைத்துப்போய், தோத்தாபுரி மாம்பழ லோடு வந்து நிற்பதிலிருந்து எடை மேடை, தரம் பார்ப்பது, விவசாயிக்குப் பணம் போவது வரை யார் யாரிடம் எதைக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதை பிபிஎம்என் 2.0 என்ற, வேலை நடக்கும் முறையைப் படமாகக் காட்டும் குறியீட்டில் (ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்பு 2011-ல் வெளியிட்டது) வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பட்டை, வழி பிரியும் இடத்தில் சாய்சதுரம். தரமில்லை என்று லோடைத் திருப்பினால் வண்டி வாடகை யார் தலையில்? இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் படம் வரையும்போதுதான் எழும், மென்பொருளுக்கான தேவைகள் அங்கிருந்துதான் கிடைக்கும். அப்புறம் ஜாவாவோ பைத்தானோ, எதில் எழுதினாலும் சரி. தேர்வில் வரையறை கேட்காமல், ஒரு விதி மாறினால் படத்திலும் நிரலிலும் எதைத் திருத்துவாய் என்று கேளுங்கள்.