முதல் சர்வர்: நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் பத்துப் பன்னிரண்டு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சர்வர் எழுத உதவும் நோட் ஜேஎஸ்ஸும் எக்ஸ்பிரஸும் வைத்து ஆளுக்கொரு சின்ன சர்வர் எழுதினோம். அங்கே எல்லாருக்கும் ஓடியது. வீட்டுக்குப் போய்த் தனியாகச் செய்தபோது பலருக்கு முட்டிக்கொண்டது. அப்படி வந்த கேள்விகளுக்கும், அன்று வரமுடியாதவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை இது. எந்தக் கேள்வியையும் சின்னது என்று நான் ஒதுக்கவில்லை.

தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி: எங்க இட்லி வியாபாரத்துக்கு ஆர்டர் எடுக்க மகன் சர்வர் போடப்போறேன்னு சொல்றான். அதுக்குத் தனியா மெஷின் வாங்கணுமாம்மா?

இப்போதைக்கு ஒரு பைசா செலவு வேண்டாம் அண்ணாச்சி. சர்வர் என்பது ஒரு நிரல். ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருந்து, யார் கேட்டாலும் பதில் சொல்வதுதான் அதன் வேலை. தம்பியிடம் இருக்கும் பழைய லேப்டாப்பிலேயே முழுவதையும் எழுதிப் பழகலாம். வாடிக்கையாளர் விடியற்காலை நாலு மணிக்கும் ஆர்டர் போட வேண்டும் என்ற நிலை வந்த பிறகு இணையத்தில் சர்வரை ஓட்ட வாடகைக்கு இடம் பிடித்தால் போதும்.

சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நோட் வேற, எக்ஸ்பிரஸ் வேறயா அக்கா? எதை முதல்ல போடணும்?

வேறு வேறுதான். 2008இல் குரோம் பிரவுசரோடு கூகுள் வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை (அந்த மொழியில் எழுதியதை ஓட்டும் நிரல்) வெளியிட்டது. அடுத்த வருடம் ரையன் டால் அந்த எஞ்சினை பிரவுசருக்கு வெளியே எடுத்து, ஃபைல் படிக்கவும் நெட்வொர்க்கில் பேசவும் வசதி சேர்த்து நோட் ஜேஎஸ் ஆக்கினார். அதை மட்டும் வைத்தே சர்வர் எழுத முடியும். ஆனால் எந்த முகவரியைக் கேட்டார்கள், எந்த முறையில் கேட்டார்கள் என்று ஒவ்வொன்றையும் ‘இஃப்’ போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்க 2010இல் வந்தது எக்ஸ்பிரஸ்.

நோட் ஜேஎஸ் தளத்தில் எல்டிஎஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படுவது) என்று போட்டிருக்கும் பதிப்பை எடு. புதுசாக இருக்கிறதே என்று வேறொன்றை எடுக்காதே. காலி ஃபோல்டர் ஒன்றுக்குள் போய் டெர்மினலில் ‘என்பிஎம் இனிட்’, பிறகு ‘என்பிஎம் இன்ஸ்டால் எக்ஸ்பிரஸ்’. என்பிஎம் என்பது நோட்டோடு சேர்ந்து வரும், பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி. அப்புறம் ஒரு ஃபைலில் நாலு காரியம்: எக்ஸ்பிரஸைக் கொண்டு வருவது, அதைக் கூப்பிட்டு ‘ஆப்’ என்ற பெயரில் வைத்துக்கொள்வது, ‘ஆப்.கெட்’ எழுதி, ‘/’ என்ற முகவரிக்கு வணக்கம் என்று பதில் அனுப்பச் சொல்வது, கடைசியாக ‘ஆப்.லிசன்’ எழுதி 3000 என்ற போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் நுழைய எண் போட்ட வாசல்) காது கொடுக்கச் சொல்வது. நோட் கட்டளையில் அந்த ஃபைலை ஓட்டிவிட்டு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:3000 (லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதே கம்ப்யூட்டர்) போட்டுப் பார். ‘கேனாட் கெட் /’ என்று வந்தால் கவலைப்படாதே. சர்வர் உயிரோடு இருக்கிறது, அந்த முகவரிக்குப் பதில் எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

என்பிஎம் இறக்கியவை சேரும் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை யாருக்கும் அனுப்பாதே, கிட்டிலும் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) ஏற்றாதே. பேக்கேஜ் ஃபைலும், எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் அதன் லாக் ஃபைலும் இருந்தால் மற்றவர்கள் இன்ஸ்டால் செய்துகொள்வார்கள்.

செம்பூரிலிருந்து ஒரு தம்பி: ரெண்டாவது தடவை ஓட்டினா ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’னு வருது. லேப்டாப்பை அணைச்சுப் போட்டாத்தான் சரியாகுது.

கண்ட்ரோல் இசட் அழுத்தித்தானே நிறுத்தினாய்? லினக்ஸிலும் மேக்கிலும் அது நிரலை முடிக்காது, அந்த இடத்திலேயே உறைய வைக்கும். 3000ஆம் போர்ட் அதன் கையிலேயே இருக்கும். நிறுத்த வேண்டிய விசை கண்ட்ரோல் சி. ஏற்கெனவே உறைந்திருப்பதைத் திரும்ப முன்னால் கொண்டுவர அதே டெர்மினலில் ‘எஃப்ஜி’ என்று தட்டி, பிறகு கண்ட்ரோல் சி. ஃபைலைத் திருத்தும்போதெல்லாம் நிறுத்தி ஓட்டுவது சலிப்பாக இருந்தால், நோட் கட்டளையோடு ‘வாட்ச்’ என்ற சுவிட்சைச் சேர்த்துக்கொள். சேமித்ததும் அதுவே திரும்ப ஓட்டும்.

முலுண்டிலிருந்து, பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் ஒரு சகோதரி: ஃபார்மில் பெயர் போட்டு அனுப்புகிறேன். சர்வரில் ‘ரிக்.பாடி’ (அனுப்பிய விவரம் வந்து சேர வேண்டிய இடம்) எப்போதும் அன்டிஃபைன்ட், அதாவது ஒன்றுமில்லை, என்றே வருகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் எக்ஸ்பிரஸில் பாதி புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரவுசர் அனுப்புவது பைட்டுகளின் ஓட்டம். அதைப் பிரித்துப் படித்து ‘பாடி’யில் வைக்க ஒருவர் வேண்டும், எக்ஸ்பிரஸ் தானாக அதைச் செய்யாது. அந்த ஒருவர்தான் மிடில்வேர். ஜேசனாக (விவரங்களை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) வந்தால் ‘எக்ஸ்பிரஸ்.ஜேசன்’, சாதாரண ஹெச்டிஎம்எல் ஃபார்மாக வந்தால் ‘எக்ஸ்பிரஸ்.யூஆர்எல்என்கோடட்’. இவற்றை ‘ஆப்.யூஸ்’ மூலம் மாட்ட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஃபைலில் அதை மாட்டியும் இருக்கிறீர்கள். ஆனால் ரவுட்டுகளுக்கு (எந்த முகவரிக்கு என்ன பதில் என்று சொல்லும் ‘ஆப்.கெட்’ போன்றவை) கீழே! எக்ஸ்பிரஸ் மேலிருந்து கீழே, எழுதிய வரிசையிலேயே போகும். ரிக்வெஸ்ட் உங்கள் ரவுட்டுக்கு முதலில் வந்து, பதிலையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. கீழே காத்திருக்கும் ஜேசன் மிடில்வேருக்கு வேலையே வரவில்லை. அந்த இரண்டு வரியை மேலே தூக்கி வையுங்கள், சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் அனுப்பும் பக்கத்தில் ‘கன்டென்ட் டைப்’ தலைப்பு (எந்த வடிவில் அனுப்புகிறோம் என்று முன்னால் போகும் குறிப்பு) சரியா என்று பாருங்கள். ஜேசன் என்று அறிவிக்காமல் ஜேசனை அனுப்பினால் அந்த மிடில்வேர் தொடவே தொடாது.

வரிசை என்பது சின்ன விஷயம் இல்லை. என் முதல் வேலையில், பழைய ஆர்டர்களைக் காட்டும் ரவுட்டுக்குக் கீழே லாகின் சோதனையை எழுதிவிட்டேன். நான் லாகின் செய்தே சோதித்ததால் எனக்குத் தெரியவில்லை. லாகின் செய்யாத யார் வேண்டுமானாலும் அடுத்தவர் வாங்கிய பொருட்களைப் பார்க்க முடியும் என்பதை மூன்றாம் நாள்தான் ஒரு சக ஊழியர் கண்டுபிடித்தார். வெளியாட்கள் யாரும் பார்த்ததாகத் தடம் இல்லை என்றாலும், அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும். அன்றிலிருந்து நான் எழுதும் வரிசை இதுதான்: பாடியைப் படிப்பவை, அடுத்து லாகின் சோதனை, அடுத்து ரவுட்டுகள், எதற்கும் பொருந்தாதவர்களுக்கு 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பதில்), எல்லாவற்றுக்கும் அடியில் பிழையைப் பிடிப்பது. பிழை பிடிக்கும் ஃபங்ஷனுக்கு நாலு அளவுருக்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நாலாவதைப் பயன்படுத்தவில்லையே என்று அழித்துவிட்டால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண மிடில்வேர் என்று எடுத்துக்கொள்ளும்.

நீங்களே மிடில்வேர் எழுதினால், ஒன்று பதில் அனுப்புங்கள், இல்லையென்றால் அடுத்தவரிடம் தள்ளிவிடும் ‘நெக்ஸ்ட்’டைக் கூப்பிடுங்கள். இரண்டையும் மறந்தால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும், டெர்மினலில் ஒரு பிழையும் வராது.

தானேயிலிருந்து ஒரு தம்பி: வீடியோவில் காட்டியதை அப்படியே அடிக்கிறேன், அவருக்கு ஓடுது, எனக்கு ‘மிஸ்ஸிங் பாராமீட்டர் நேம்’னு வருது.

உன் மேல் தப்பில்லை. வீடியோ எக்ஸ்பிரஸ் 4க்கு எடுத்தது. நீ இன்ஸ்டால் செய்தது 5, அது 2024இல் வந்தது. ‘எந்த முகவரி வந்தாலும்’ என்பதற்கு முன்பு வெறும் நட்சத்திரக் குறி போட்டால் போதும். இப்போது அந்த நட்சத்திரத்துக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். இன்னொரு மாற்றம் நல்லது: அசிங்க் ஃபங்ஷனுக்குள் (டேட்டாபேஸ் போன்றவற்றின் பதிலுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன்) பிழை வந்தால் 5ஆம் பதிப்பு அதைத் தானாகவே உன் பிழைபிடிப்பானிடம் ஒப்படைத்துவிடும், 4இல் நாம்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். ‘பாடி பார்சரை’த் தனியாக இன்ஸ்டால் செய்யச் சொல்லும் வீடியோ என்றால் இன்னும் பழசு. அதைப் பார்த்துப் பழகாதே.

அதே தம்பி: லேப்டாப்பில் வருது, போனில் லோக்கல்ஹோஸ்ட் போட்டா வரலையே?

போனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போனேதான். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பார்த்து (பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று தொடங்கும்) அதோடு :3000 சேர்த்துப் போனில் போடு. விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடு. ஹாஸ்டல் வைஃபையில் கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுத்திருப்பார்கள், அங்கே உன் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்துப் பார்.

அந்தேரியிலிருந்து ஒரு ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எக்ஸ்பிரஸ் இல்லாமல் வெறும் நோட்டில் எழுதினேன். ‘வணக்கம்’ என்று அனுப்பினால் இரண்டு எழுத்தும் ஒரு கேள்விக்குறிக் கட்டமும்தான் வருகிறது.

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. தமிழில் எழுதிப் பார்ப்பவருக்கு மட்டுமே இந்தச் சிக்கல் கண்ணில் படும். ‘கன்டென்ட் லெங்த்’ தலைப்பில் சொல்லின் நீளத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ‘வணக்கம்’ 7. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஆனால் அந்தத் தலைப்பு கேட்பது பைட்டுகளை. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. நீங்கள் 7 என்று சொன்னதால் பிரவுசர் 7 பைட்டோடு நிறுத்திவிட்டது: வ முழுசாக, ண முழுசாக, க-வில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குதான் நீங்கள் பார்த்த கட்டம். ‘பஃபர்.பைட்லெங்த்’ கொண்டு அளந்து போடுங்கள், ‘கன்டென்ட் டைப்’பில் சார்செட் யூடிஎஃப்-8 என்றும் சேருங்கள். எக்ஸ்பிரஸின் ‘ரெஸ்.சென்ட்’ இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் சேமிக்கும்போது யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வெறும் யூடிஎஃப்8 என்பது 3 பைட் வரைதான். தமிழ் அதற்குள் அடங்கிவிடும், இமோஜி அடங்காது.

மாலாடிலிருந்து ஒரு கணக்காளர்: என் சர்வர் பெரிய ரிப்போர்ட் ஒன்றைக் கணக்குப் போட 20 வினாடி எடுக்கிறது. அதுவரை மற்ற யாருக்கும் பதில் போவதில்லை. ஏன்?

நம் தாராவி அண்ணாச்சி வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவை ஊற்றிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டால் இட்லி தானாக வேகும். அந்த நேரத்தில் ஒரே ஆள் இன்னொரு கொப்பரைக்கு ஊற்றலாம், வந்தவருக்குக் கட்டிக் கொடுக்கலாம். டேட்டாபேஸைக் கேட்பது, ஃபைல் படிப்பது, இன்னொரு சர்வரை அழைப்பது எல்லாம் வேகவைக்கும் வேலைகள். நோட்டில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது ஒரே ஆள், ஆனாலும் ஆயிரம் பேரைச் சமாளிப்பது இப்படித்தான். ரிப்போர்ட் கணக்கோ ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவது மாதிரி. ஆட்டி முடிக்கும்வரை கை ஓயாது, வாசலில் யார் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

முடிந்தால் கூட்டல் கழித்தலை டேட்டாபேஸிடமே விடுங்கள், அது அந்த வேலைக்கென்றே பிறந்தது. முடியாவிட்டால் ‘வொர்க்கர் த்ரெட்’ போட்டுத் தனியாள் வையுங்கள். பெயர் ‘சிங்க்’ என்று முடியும் ஃபங்ஷன்களை (வேலை முடியும்வரை எல்லாரையும் காக்க வைப்பவை, ‘அசிங்க்’ அல்ல) ரவுட்டுக்குள் வைக்காதீர்கள்.

வாஷியிலிருந்து ஒரு தங்கை: போஸ்ட்மேனில் வருது, என் ரியாக்ட் பக்கத்திலிருந்து கூப்பிட்டா ‘கார்ஸ்’ எரர்.

ஒரு இடத்துப் பக்கம் வேற்று இடத்துச் சர்வரின் பதிலைப் படிக்க பிரவுசர் கேட்கும் அனுமதிதான் கார்ஸ். உன் பக்கம் 5173 போர்ட்டில், சர்வர் 3000இல். போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேற்று இடம். போஸ்ட்மேன் சர்வரைச் சோதிக்கும் தனி செயலி, அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ‘கார்ஸ்’ பேக்கேஜைப் போட்டு உன் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுமதி, எல்லாருக்கும் திறந்துவிடாதே. அதையும் ரவுட்டுகளுக்கு மேலே.

தாராவி அண்ணாச்சியின் மகன்: எல்லாம் ஓடுது அக்கா. வெளியுலகத்துக்கு எப்படிக் கொண்டு போறது?

முதலில் போர்ட் எண்ணை 3000 என்று ஃபைலில் அடித்து வைக்காதே, சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே, அது ஓடும் கம்ப்யூட்டரில் வைக்கும் மதிப்பு) எடு. இல்லாவிட்டால் மட்டும் 3000. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் போர்ட்டை அப்படித்தான் சொல்லும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அங்கேதான் இருக்க வேண்டும், கிட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். அப்படி ஏறிவிட்டால் பாஸ்வேர்டையே மாற்று.

சொந்தமாக லினக்ஸ் சர்வர் வாடகைக்கு எடுத்தால் 80, 443 போர்ட்டுகளில், வருபவர்களை முதலில் வாங்கிக்கொள்ளும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வரை உட்கார வைத்து, அது உள்ளே உன் 3000க்கு அனுப்பட்டும். 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளுக்கு ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும், உன் நிரலுக்கு அந்த உரிமையைக் கொடுக்காதே. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. நிரல் விழுந்தால் தூக்கி நிறுத்த பிஎம்2 அல்லது சிஸ்டம்டி. பக்கத்தில் ‘502’ என்று வந்தால் என்ஜின்எக்ஸ் நலம், பின்னால் உன் நிரல் விழுந்து கிடக்கிறது, நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் அதன் பதிவு ஃபைலைத் திறந்து பார். உன் வாடிக்கையாளர்கள் சயானிலும் தாதரிலும் இருக்கிறார்கள். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலேயே டேட்டா சென்டர் உண்டு. இடம் தேர்ந்தெடுக்கும்போது அமெரிக்காவை விட்டுவிட்டு இதை எடு.

முலுண்ட் சகோதரி மறுபடியும்: வரிசையை மாற்றினேன், பெயர் வந்துவிட்டது! அடுத்து என்ன எழுதிப் பார்க்கட்டும்?

வந்த பெயர்களை ஒரு அரேயில் (வரிசைப் பட்டியல்) சேர்த்து, ‘/லிஸ்ட்’ என்ற முகவரியில் (ஆங்கில எழுத்திலேயே) காட்டுங்கள். நாலைந்து பெயர் சேர்ந்ததும் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். பட்டியல் காலியாக இருக்கும். அரே நினைவகத்தில் இருந்தது, நிரலோடு போய்விட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் அதை நிரந்தரமாக எழுதி வைப்போம். அதே இடம், காலை பத்து மணி. பிளக் பாயின்ட் மூன்றுதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள்.