மிதித்தும் சுற்றியும் நீர் இறைத்தல்: கேள்வி பதில்

மின்சாரமோ டீசலோ இல்லாமல் மனித உழைப்பால் மட்டுமே இயங்கும் பம்புகளை அமைப்பது பற்றிக் காரைக்குடி வட்டாரத்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, அடிபம்பு பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் நீண்ட காலம் பழகிய மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (கோட்டையூர் அருகேயிருந்து, மகளிர் குழு உறுப்பினர்): ஐயா, வணக்கம். கண்மாயை ஒட்டிய பத்து சென்ட் நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறோம். பக்கத்துக் கிணற்றில் பதினைந்து அடியில் தண்ணீர் நிற்கிறது. எந்தப் பம்பு பொருந்தும்?

பதில்: வணக்கம் அம்மா. அந்தப் பதினைந்து அடியை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அளந்த கணக்கை வைத்துப் பம்பு வாங்கியவர்கள், வைகாசியில் அதைக் கழற்றி மூலையில் சாத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோடையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆழம்.

உடல்நலமுள்ள ஒருவர் தளராமல் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். உராய்விலும் கசிவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடுகிறது. சுமார் 40 வாட் நீருக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து அந்த ஆற்றலால் மணிக்கு ஏறத்தாழ 2,900 லிட்டர் ஏற்ற முடியும். பத்து சென்ட் காய்கறிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் 2,000 லிட்டர்தான் வேண்டும்; நாற்பது, ஐம்பது நிமிட வேலை, அதுவும் இருவர் மாறி மாறிச் செய்யலாம். ஆகவே இரண்டு கட்டைகளைக் காலால் மாறி மாறி மிதித்து இறைக்கும் மிதிபம்பு உங்களுக்குப் போதும். ஆனால் இதே கணக்கில் ஓர் ஏக்கருக்கு ஏழு மணி நேரம் மிதிக்க வேண்டிவரும் என்பதால், நெல்லுக்கு இதை நம்பாதீர்கள்.

சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதன்முதலில் செய்த மிதிபம்பில், பெரியதாக இருந்தால் நிறைய நீர் வரும் என்று எண்ணி ஆறு அங்குலச் சிலிண்டர் வைத்தேன். ஆறு மீட்டர் ஆழத்துக்கு அந்தப் பிஸ்டன் மேல் விழும் சுமை நூறு கிலோவைத் தாண்டும். மிதிகட்டை அதைப் பாதியாகக் குறைத்தாலும் ஐம்பது கிலோவுக்கு மேல் நிற்கும். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்மணி ஒருவர் ஏறி நின்றார். கட்டை அசையவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்றரை அங்குலச் சிலிண்டர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதே ஆழத்தில் ஒரு காலுக்கு இருபது கிலோ அளவில்தான் வரும். உங்கள் குழுவில் மிகவும் மெலிந்தவர் யாரோ அவரை வைத்து அளவு எடுங்கள்.

கேள்வி (தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): எங்கள் அப்பா ஏற்றம் மிதித்தவர். அதையே இரும்பில் செய்துவிட்டால் போதாதா?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏற்றமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவர் கை வலிமையால் நீரை இறைக்கவில்லை. தம் உடல் எடையால் இறைத்தார். 1970களின் இறுதியில் வங்காளதேசத்தில் குன்னார் பார்ன்ஸ் என்ற நார்வே நாட்டுப் பொறியாளர் மூங்கிலைக் கொண்டு உருவாக்கிய மிதிபம்பும் இதே உண்மையில்தான் நிற்கிறது. ஏற்றத்துக்கு வாசரும் வால்வும் தேவையில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் மேலே மிதிக்க ஒருவர், கீழே சால் என்ற நீர் மொள்ளும் வாளியைப் பிடித்துக் கவிழ்க்க ஒருவர் என்று குறைந்தது இரண்டு ஆள் வேண்டும். மிதிப்பவர் கால் தவறினால் கிணற்றுக்குள்தான் விழுவார். மரத்தை இரும்பாக மாற்றுவதால் இந்த இரண்டு குறைகளும் நீங்கா.

கேள்வி: கரையில் வைத்த மிதிபம்பால் நாற்பது அடி ஆழத்து நீரை உறிஞ்ச முடியுமா?

பதில்: முடியாது. உறிஞ்சுதல் என்று நாம் சொல்வது, வெளியிலுள்ள காற்று நீரை மேலே தள்ளுவதுதான். குறையே இல்லாத பம்பானாலும் காற்றால் பத்து மீட்டர் அளவுக்கு மேல் தள்ள இயலாது. நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர். அதற்கு மேல் என்றால் சிலிண்டரே நீருக்குள் இறங்க வேண்டும்.

கேள்வி (காரைக்குடியிலிருந்து பொறியியல் மாணவர்): பழைய சைக்கிளில் சிறிய மோட்டார் பம்பின் தலையை இணைத்துத் திட்டப்பணி செய்ய விரும்புகிறேன். சரியாக வருமா?

பதில்: ஓடும் தம்பி, ஆனால் நீர் வருவது ஐயம். உள்ளே சக்கரம் வேகமாகச் சுழன்று நீரைத் தள்ளும் அந்த வகை மையவிலக்குப் பம்பு நிமிடத்துக்கு 1,500 அல்லது 2,900 சுற்று அளவில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. உங்கள் கால் அறுபது சுற்றுத்தான் தரும். இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்சக்கரங்களாலும் பெல்ட்டாலும் ஈடுகட்டும்போது ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கரையும். மேலும் வேகம் பாதியானால் நீரை ஏற்றும் உயரம் கால்பங்காகிவிடும். சற்றே களைத்து மெதுவாக மிதித்த நொடியில் நீர் நின்றுபோகும். மெதுவாக மிதித்தால் மெதுவாகவாவது நீர் தருகிற பிஸ்டன் பம்பையோ, அடுத்த பதிலில் விளக்கியிருக்கும் கயிற்றுப் பம்பையோ சைக்கிளோடு இணையுங்கள். கையைவிடக் கால் வலியது என்ற உங்கள் அடிப்படை எண்ணம் சரியானதே.

கேள்வி (கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி): வீட்டுத் தோட்டத்துக் கிணறு நாற்பது அடி. வாளி இழுக்கத் தோள் இடம் தரவில்லை. மின்மோட்டார் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பதில்: ஆச்சி, உங்களுக்குக் கயிற்றுப் பம்பைத்தான் சொல்வேன். ஒரு பி.வி.சி. குழாயின் வழியே, மீட்டருக்கு ஒன்றாக ரப்பர் வில்லைகள் கட்டிய நைலான் கயிறு மேல்நோக்கி ஓடும். ஒவ்வொரு வில்லையும் தன் மேலுள்ள நீரைத் தூக்கிக்கொண்டு வரும். மேலே கயிற்றைச் சுற்றும் சக்கரத்தைப் பழைய டயரின் பக்கங்களை வெட்டியே செய்துகொள்ளலாம். நிகராகுவா நாட்டுக் கிராமங்களில் இது பெருமளவில் பரவியிருக்கிறது.

ஒரு அங்குலக் குழாய் வேண்டாம், முக்கால் அங்குலமே போதும். நாற்பது அடிக்கு அதில் நிற்கும் நீரின் எடை நான்கு கிலோவுக்குள் அடங்கும். நிமிடத்துக்கு முப்பது சுற்று சுற்றினால் ஏறத்தாழ ஒரு குடம் நிறையும். வேலையாள் இல்லாத நாளில் நீங்களே சுற்றலாம். கைப்பிடியை விட்டதும் குழாயிலுள்ள நீர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி முகத்திலோ கையிலோ அடிக்கும் என்பதால், பின்சுழற்சியைத் தடுக்கும் கொக்கி ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். கிணற்றின் வாயை மூடிவிடவும் முடியும். வாளியும் தாம்பும் தொட்டுத் தொட்டு நீர் கெடுவது அத்தோடு நிற்கும்.

கேள்வி (சிங்கம்புணரி அருகிலிருந்து): எங்கள் ஊர் அடிபம்பு நூறு அடி. அடிப்பதற்கு மிகவும் கனக்கிறது. காலையில் செந்நிறமாக நீர் வருகிறது. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஊர்ப்புறத்து அடிபம்பான இந்தியா மார்க் 2 வகையின் சிலிண்டர் விட்டம் 63.5 மில்லிமீட்டர், முப்பது மீட்டர் நீர் அதன் மேல் ஏறத்தாழ 95 கிலோவாக அமர்கிறது. கைப்பிடி அதை எட்டில் ஒரு பங்காக்குவதால் கையில் பன்னிரண்டு கிலோ, அதனுடன் பிஸ்டனை இழுக்கும் கம்பியின் எடையும் உராய்வும் சேரும். நிமிடத்துக்கு நாற்பது முறை அடித்தால் பதினாறு லிட்டர் வரும், ஆனால் அந்த வேகத்துக்கு நீருக்கு மட்டுமே 78 வாட் தேவை. ஒரு குடத்துக்கு அப்படி அடிக்கலாம், பத்துக் குடத்துக்கு முடியாது. ஆகவே ஓரளவு கனம் பம்பின் குற்றமன்று. அண்மையில்தான் கனக்கத் தொடங்கியது என்றால் மட்டும் தாங்கிகளையும் சங்கிலியையும் பாருங்கள்.

செந்நீருக்கு எளிய சோதனை உண்டு. இரவெல்லாம் சும்மா நின்ற பம்பில் முதல் சில குடங்கள் சிவந்து பிறகு தெளிந்தால், துத்தநாகப் பூச்சு போன இரும்புக் குழாய் உள்ளே அரிக்கிறது என்று பொருள். எவ்வளவு அடித்தாலும் நிறம் மாறாவிட்டால் இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே இருந்தால் புதிய துத்தநாகப் பூச்சுக் குழாயும் நெடுநாள் தாங்காது. அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்க, நாம் அதே குழாயை வாங்கி வாங்கி மாற்றிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தடித்த பி.வி.சி. குழாயும் கேளுங்கள். முழுப் பம்பையும் மாற்றும் வாய்ப்புக் கிடைத்தால், 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடந்த களச் சோதனைகளிலிருந்து பிறந்த மார்க் 3 வகையைக் கேளுங்கள். அதில் குழாய்களை மேலே இழுக்காமலேயே பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து, ஊரிலுள்ள இரண்டு பேரே வாசரை மாற்றிவிடலாம்.