பிள்ளைகள், போன், ஞாயிற்றுக்கிழமை: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பத்தாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. தாம்பரம் பக்கத்தில் குடியிருக்கிறோம். எட்டு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரி, காடு, கடற்கரை என்று கிளம்பிவிடுவது என் வழக்கம். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில் பாதி போனைப் பற்றி, பாதி ஊர் சுற்றுவதைப் பற்றி. எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். பிள்ளையின் கை சும்மா இருந்தால் போன் தேடும். கையில் ஒரு வேலை இருந்தால் தேடாது. என் பதில்கள் எல்லாவற்றிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: அக்கா, என் மகளுக்கு இரண்டு வயது. போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன், பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓடி ஆடும் இரண்டு வயதுக் குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அந்த வயதில் பெரிய உழைப்பு. போனைக் கொடுத்தால் அவருக்கு அரை மணி நேரம் உட்கார முடிகிறது. அதைப் பிடுங்கப் போகிறீர்கள் என்றால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அதனால் பகல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

தட்டைக் குழந்தையின் முன்னால் வைத்துவிடுங்கள். பருப்புச் சாதத்தைக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்தால் அவளே எடுத்து வாயில் போடுவாள். பாதி தரையில் சிந்தும், சிந்தட்டும். கீழே ஒரு பழைய சேலையை விரித்துவிட்டால் முடிந்தது. நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றால் விட்டுவிடுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை, பசிப்பதும் தெரிவதில்லை. அந்த உணர்வு திரும்பி வர நாள் பிடிக்கும். முதல் மூன்று நாட்கள் அழுவாள். என் பெரியவன் இரண்டாம் நாள் தட்டையே தூக்கி எறிந்தான். அப்புறம் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நிலாச்சோறு ஊட்டினேன். அந்த ஒரு வாரம் நான் கற்றுக்கொண்டது இன்றுவரை உதவுகிறது.

இரவு பழகிவிட்டால், அதை மாமியார் முன்னாலேயே ஒரு ஞாயிறு மதியம் செய்து காட்டுங்கள். 'நீங்கள் செய்வது தப்பு' என்று ஒரு வார்த்தை வர வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பதுதான். ஒரேயடியாக நிறுத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வெற்றி. குழந்தை எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு அப்பா: ஒன்பது வயதுப் பையன் என் போனில் கேம் விளையாடும்போது இரண்டாயிரம் ரூபாய்க்கு ஏதோ வாங்கிவிட்டான். அடித்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

சார், இன்றே செய்ய வேண்டியது: வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுள் பிளேயில் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். அதைத் தாண்டிவிட்டால் கேம் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அடுத்து பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ ஆப்பில், தானாகவே பணம் எடுக்கும் ஆட்டோபே ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. போனைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பையனின் விரல் ரேகையையும் உங்கள் போனில் பதிந்து வைத்திருப்பீர்கள். அதே ரேகை பணம் கட்டும் இடத்திலும் செல்லுபடியாகலாம். அதை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் அறியாமல் யாரோ ஏமாற்றிப் பணத்தை எடுத்திருந்தால் அது வேறு விஷயம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. ஆனால் கேமுக்குள் சட்டை, துப்பாக்கி, வைரம் வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்காது. அதை நாம்தான் தடுக்க வேண்டும்.

பையனிடம் பேசுங்கள். அந்த வயதில் திரையில் தெரியும் வைரமும் உங்கள் சம்பளமும் ஒன்று என்பது தெரியாது. அடுத்த முறை மளிகைக்குப் போகும்போது இரண்டாயிரம் ரூபாயை நோட்டாக அவன் கையில் கொடுத்து, அவனையே வாங்கச் சொல்லி, அவனையே மீதி வாங்கச் சொல்லுங்கள். அரிசி, எண்ணெய், பருப்பு வாங்கியதும் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவனே பார்க்கட்டும். அடித்ததற்கு வருத்தப்படுகிறீர்கள் என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அதை அவனிடமும் சொல்லிவிடுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு அம்மா: மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. தனி போன் கேட்கிறாள்.

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்குமே அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. வீட்டுப்பாடம் உங்கள் எண்ணுக்கே வரட்டும். போன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அது வீட்டுப் போன் என்று சொல்லி வாங்குங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அது ஹாலில் சார்ஜில் கிடக்கும். அம்மா போனும் அப்பா போனும் அதன் பக்கத்திலேயே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டால் தூங்கும் நேரத்தில் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும், புது ஆப் எதுவானாலும் உங்களைக் கேட்டுத்தான் இறங்கும். அவளுக்குத் தெரியாமல் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, எது எதற்கு என்று சொல்லிப் போடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒரு வாக்குக் கொடுங்கள்: 'யாராவது உன் போட்டோ கேட்டாலும், மிரட்டினாலும், நீயே தப்பாக ஏதாவது அனுப்பிவிட்டாலும் என்னிடம் வா. நான் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்.' போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பெண் பிள்ளைகள் மிரட்டலை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அந்தப் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

சேலத்திலிருந்து: வீட்டுக்காரரே எப்போதும் போனில்தான் இருக்கிறார். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்ல?

பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவரிடம் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம். இரவில் பிள்ளைகளோடு கேரம் ஆடுவதோ, பால் காய்ச்சிக் கொடுப்பதோ, ஏதாவது ஒன்றை முழுக்க அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஐந்து வயதும் எட்டு வயதும். வேடந்தாங்கல் கூட்டிக்கொண்டு போகலாமா? போரடித்து போன் கேட்பார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் தம்பி. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் திரும்ப வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் தேதியை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். மழை பெய்து ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் பறவை இருக்கும், அதை விசாரித்துவிட்டுப் போங்கள். விடிகாலையில் போங்கள், இல்லை மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். நடுப்பகலில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். இருட்டும் நேரத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூட்டுக்குத் திரும்பும் காட்சியைப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தைகூட வாயைப் பிளந்தபடி நிற்கும்.

கரையில் நடந்தாலே கிளைகளில் கூடுகள் தெரியும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா. பெரியவனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எண்ணி எழுதச் சொல்லுங்கள். சின்னவனுக்கு பைனாகுலர். அது அவன் கழுத்தில்தான் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் அவன்தான் கொடுத்து வாங்க வேண்டும். நத்தைக்குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், ஏன் என்று கேளுங்கள். நத்தையைப் பிடிப்பதற்கான அலகு என்று அவர்களே யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

ஊர்க்காரர்களைப் பற்றியும் சொல்லுங்கள். பறவைகள் பயந்து போய்விடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்களின் வயலுக்கு உரம். தலைமுறை தலைமுறையாக இப்படியே காத்து வருகிறார்கள். என் சின்னவள் இதைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் வெடி வாங்குவதில்லை, மத்தாப்பு மட்டும்தான்.

போனை ஒளித்து வைக்க வேண்டாம். மெர்லின் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. அது குரலைக் கேட்டே என்ன பறவை என்று சொல்லும். ஏரிக்கரையில் அதைத் திறக்கும்போது போன் ஒரு கருவியாக மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பொங்கல் நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015-லிருந்து நடக்கிறது. 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, பறவைக் கணக்குகளைப் பதியும் இபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும், மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு, தான் எண்ணிய காக்கையும் கணக்கில் சேர்கிறது என்பது எவ்வளவு பெருமை தெரியுமா!

ஈரோட்டிலிருந்து: கொல்லிமலை போகிறோம். மகன் வளைவு ஆரம்பித்ததுமே வாந்தி எடுப்பான்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்று சொல்லும், போனைப் பார்க்கும் கண் 'அசையவே இல்லை' என்று சொல்லும். இந்தக் குழப்பம்தான் குமட்டல். அதனால் மலை ஏறும்போது போனும் புத்தகமும் கண்டிப்பாகக் கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். அந்தப் பலகையைத் தேடி உரக்கச் சொல்வதுதான் மகனின் வேலை. கண் தானாகவே சாலையைப் பார்க்கும். பத்து வளைவுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நில்லுங்கள். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா: நான்கு வயது மகனோடு ஊட்டி மலை ரயிலில் போகலாமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு வயதுக்கு அது நீளம். காரில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். கொஞ்சம் பெரியவனானதும் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற்றிவிடுங்கள், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் சக்கரம் பிடித்து ஏறுவதைக் காட்டலாம். சொந்த வண்டியில் நீலகிரி போவதானால் இ-பாஸ் பதிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடையாறிலிருந்து ஒரு அப்பா: இரவில் கடலாமை பார்க்கக் கூட்டிப்போகிறார்களாமே, பத்து வயது மகள் நடப்பாளா?

நடப்பாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, மாணவத் தன்னார்வலர்கள் இரவில் மணலில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்களோடு பொதுமக்களும் நடக்கலாம். ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். அன்று மதியம் தூங்க வைத்துவிடுங்கள். ஆமை கண்ணில் படாமலும் போகலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போன் விளக்கைப் போடவே கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பி நகரும். நம் ஊர் விளக்குகளால் அது சாலைப் பக்கம் போய்விடுகிறது. என் மகன் பதினொரு வயதில் இதைக் கேட்டுவிட்டு, தானாகவே போனை அணைத்துப் பைக்குள் வைத்தான். ஐந்து வருடம் நான் சொல்லிச் சொல்லி நடக்காதது அன்று ஒரு நிமிடத்தில் நடந்தது.

தஞ்சாவூரிலிருந்து: பதினான்கு வயது மகன் எங்கேயும் வர மாட்டேன் என்கிறான். அறையை விட்டே வருவதில்லை.

நீங்கள் போட்ட திட்டத்துக்கு அவன் ஏன் வர வேண்டும்? திட்டத்தையே அவனிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைப் பெரியவன் கையில் கொடுத்து, நான்கு பேரும் ஒரு நாள் வெளியே போய் வர வேண்டும், பஸ்ஸா ரயிலா, எங்கே சாப்பாடு, எல்லாம் உன் முடிவு என்று விட்டேன். முதல் தடவை பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்படித்தான் முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். அடுத்த மாதம் அவனே நேர அட்டவணையை எழுதிக்கொண்டு வந்தான். ஒரு நண்பனையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் சாப்பாடு, தூக்கம், பழைய நண்பர்கள் எல்லாமே விலகிப் போயிருந்தால் அது வேறு. அப்போது தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆவடியிலிருந்து ஒரு அம்மா: அக்கா, எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அதிலும் துணி துவைக்க வேண்டும். கையில் காசும் இல்லை. நாங்கள் என்ன செய்ய?

துணி துவைப்பதையே பிள்ளைகளோடு செய்யுங்கள் அம்மா. அலசுவது ஒருவர், மாடியில் கொடியில் காயப்போடுவது ஒருவர். ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஏரிக்கோ, பள்ளி மைதானத்துக்கோ, கோயில் குளத்துக்கோ நடந்தே போங்கள். வெளி வெளிச்சத்தில் இருப்பது கண்ணுக்கு நல்லது, கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவுகிறது. போகும்போது கொஞ்சம் வேர்க்கடலையை அவித்து எடுத்துக்கொள்ளுங்கள். யார் உரித்துக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.