பிட்கெய்ன் தீவில் இறங்க முடியுமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பசிபிக் கடலில் போகும் சொகுசுக் கப்பலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். பயண நிரலில் பிட்கெய்ன் தீவுக்கு ஒரு நாள் இருக்கிறது. ஆனால் ‘இறங்குவது உறுதியில்லை’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அங்கே விமான நிலையமும் இல்லை, கப்பல் அணையும் துறைமுகமும் இல்லை. சுற்றிலும் பாறைச் சரிவு. வடகிழக்கில் உள்ள பவுண்டி விரிகுடாவில் ஒரு சிறு படகுத்துறையும் படகை இழுத்தேற்றும் சாய்தளமும்தான் உண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் காற்று மறைவான பக்கத்தில் மெல்ல மிதந்தபடியே நிற்கும். தீவுக்காரர்களின் அலுமினிய நீள்படகோ, கப்பலின் ரப்பர் படகோ உங்களைக் கரைசேர்க்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருப்பார். பெரிய அலைகள் போன இடைவெளியில் விரைந்து நுழைந்து, துறையின் மறைவுக்குப் படகைத் திருப்புவார். காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை இங்கே வந்து மோதும். அது வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்தால் அந்த வழி அடைபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தீவின் மறுபக்கம் டெட்சைடில் மாற்று இறங்குதுறை இருப்பது ஓரளவு ஆறுதல்.

இறங்கும்போது பை முதுகில் இருக்கட்டும், கைகள் இரண்டும் காலியாக இருக்கட்டும். கரையில் நிற்பவரின் முன்கையை நீங்களும், உங்கள் முன்கையை அவரும் பிடிக்க வேண்டும். விரலைப் பிடித்தால் ஈரத்தில் நழுவிவிடும். படகு அலையின் உச்சிக்கு வரும்போது காலெடுத்து வையுங்கள். அது தாழும்போது வைத்தால் படகுக்கும் சுவருக்கும் நடுவே கால் சிக்கும். முழங்கால் தகராறு உள்ளவர்கள் கப்பலிலேயே இருப்பது நல்லது. அடிபட்டால் பெரிய மருத்துவமனைக்குப் பல நாள் கடல் வழி. துறையிலிருந்து ஆடம்ஸ்டவுன் ஊருக்குச் செங்குத்தான ஏற்றம். கிளம்புமுன் காலணியின் மண்ணைக் கழுவுங்கள். பழம், விதை எதுவும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: இறங்க முடியாமல் போனால் அந்த நாள் வீண்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லவே இல்லை. ஊரில் மொத்தமே ஐம்பது பேருக்குள்தான். கடல் ஓரளவு இடம் கொடுத்தால் அவர்களில் பாதிக்கு மேல் பெட்டிகளோடு நீள்படகில் வந்து, கப்பல் பக்கவாட்டு ஏணியில் ஏறி, மேல்தளத்தில் கடை பரப்பிவிடுவார்கள். சுறா, ஆமை, இவர்களின் முன்னோர் வந்த பவுண்டி கப்பலின் சிறு வடிவம் என்று மரச் சிற்பங்கள், தேன், தபால்தலை எல்லாம் இருக்கும். சிற்பத்துக்கான மீரோ மரம் நம் ஊர்ப் பூவரசுதான். சுமார் 190 கி.மீ. தள்ளியுள்ள ஹெண்டர்சன் தீவுக்குக் கடல்வழியே போய் வெட்டி வருகிறார்கள். அந்த உழைப்பு தெரிந்தால் பேரம் பேச மனம் வராது. சிறு தொகை நோட்டுகளாக அமெரிக்க அல்லது நியூசிலாந்து டாலர் வைத்திருங்கள். தேன் வாங்குமுன், அடுத்த துறைமுகத்தில் அதை அனுமதிப்பார்களா என்று கப்பலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு எட்டாத தீவில் எப்படிக் குடியேறினார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: எட்டாமல் இருந்ததால்தான். சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றிவந்த பிரிட்டிஷ் கடற்படையின் பவுண்டி கப்பலில் 1789 ஏப்ரல் 28 அன்று கலகம் மூண்டது. கலகக்காரர்களில் ஒன்பது பேர் தாஹிட்டிப் பெண்களுடனும் ஆண்களுடனும் தண்டனைக்குத் தப்ப 1790 ஜனவரியில் இங்கே ஒதுங்கினார்கள். அன்றைய கடல் வரைபடத்தில் தீவின் இடம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. கப்பலை எரித்தும்விட்டார்கள். 1808-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்தபோது கலகக்காரர்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். ஊருக்கு அவர் பெயர்தான்.