ஒட்டுவதற்கு முன் கழற்றப் பழகுங்கள்

கேள்வி: அம்மாபேட்டையில் வீட்டு முன்னறையில் நான்கு வருடமாக பார்லர் நடத்துகிறேன் அக்கா. த்ரெடிங், ஃபேஷியல், கல்யாண மேக்கப் எல்லாம் உண்டு. மணப்பெண்கள் நெயில் எக்ஸ்டென்ஷன் (செயற்கை நகம் ஒட்டி நீட்டுவது) கேட்கிறார்களே என்று 3 நாள் கிளாஸ் போய் வந்தேன். 12,000 ரூபாய்; ஒரு கிட்டும் 'இன்டர்நேஷனல்' சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்தார்கள். இதுவரை ஏழு பேருக்குப் போட்டேன். மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் ஒட்டியது நகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டது. ஒருவருக்கு நகத்தைச் சுற்றி அரிப்பு. எனக்கும் விரல் நுனி சிவந்து அரிக்கிறது. என் கைதான் சரியில்லையா, கிளாஸ் போதவில்லையா? இன்னும் எவ்வளவு நாள், எப்படிப்பட்ட இடத்தில் கற்க வேண்டும்?

பதில்: உங்கள் விரலிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். ஜெல், பிடிப்புக்கு முதலில் தடவும் பிரைமர், டிப் (நகத்தை நீட்டும் பிளாஸ்டிக் நுனி) ஒட்டும் பசை எல்லாவற்றையும் இன்றே மூடி வைத்துவிட்டு ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனாலும் சரி. நீங்கள் பயன்படுத்தும் பாட்டில்களின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். வெறுமனே 'கை அரிக்கிறது' என்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்றுதான் அவரும் நினைப்பார்.

ஜெல்லோ, அக்ரிலிக்கோ, பாலிஜெல்லோ, நாம் நகத்தில் வைப்பதெல்லாம் அக்ரிலேட் குடும்பம்தான். முழுதாக இறுகிவிட்டால் பெரிய தொல்லை தராது. ஈரமாகத் தோலில் படும்போதுதான் வம்பு. முதல் நாள் ஒன்றும் தெரியாது. துளித்துளியாகப் பட்டுக்கொண்டே வந்து, ஒரு நாள் உடம்பு அதை ஏற்க மறுத்துவிடும். அப்புறம் அந்த அலர்ஜி ஆயுசுக்கும் கூடவே வரும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்றும்போது வைக்கிற எலும்பு சிமென்ட்டிலும் இதே குடும்பம் இருப்பதால் விஷயம் நகத்தோடு நிற்பதில்லை. ஹெமா (HEMA) என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். அடிக்கடி அலர்ஜி தருகிற ஆசாமி. அது கலந்த நகப்பொருளில் 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட வேண்டும் என ஐரோப்பிய யூனியன் 2020-ல் விதி போட்டது. டிபிஓ (TPO) என்கிற இன்னொரு பொருளை, ஜெல்லை ஒளியில் இறுக வைப்பது அது, 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுப் பொருட்களில் தடையே செய்துவிட்டார்கள். லேபிளே இல்லாத டப்பா உங்கள் கிட்டில் இருந்தால் குப்பைக்குப் போகட்டும்.

உங்களுக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் அரிப்பு என்றால் எனக்கு இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று, ஜெல் ஓரத்தோலில் வழிந்ததைத் துடைக்காமல் விளக்கில் வைப்பது. இன்னொன்று அந்த விளக்கே. டப்பாவில் 48 வாட் என்று போட்டிருக்கும். வாட் என்பது விளக்கு இழுக்கிற கரண்ட். ஜெல்லுக்குப் போய்ச் சேருகிற ஒளிக்கு அது கணக்கே இல்லை. ஜெல்லுக்கு எந்த விளக்கு என்று அதே கம்பெனி சொல்கிறதோ அதை வாங்குங்கள். நான்கு விரலோடு கட்டைவிரலையும் சேர்த்து உள்ளே விட்டால் அது சாய்ந்து கிடக்கும், ஒரு பக்கம் வெந்தும் வேகாமலும் நிற்கும். கட்டைவிரலைத் தனியாக, நேராக வையுங்கள். இறுகியபின் மேலே பிசுபிசுப்பு நிற்குமே, அதை வெறுங்கையால் தொடவே கூடாது. கையுறை நைட்ரைலில் வாங்குங்கள்; ரப்பர் கையுறை இதற்கு ஆகாது. நைட்ரைலிலும் இது மெதுவாக ஊடுருவும் என்பதால் ஜெல் பட்ட கையுறையை உடனே மாற்ற வேண்டும்.

சரி, கிளாஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கையில் கோளாறு இல்லை. முதல் நாள் டிப், இரண்டாம் நாள் ஜெல், மூன்றாம் நாள் கல்லும் மினுக்கும் ஒட்டி ஆர்ட், சாயங்காலம் சர்ட்டிஃபிகேட்டோடு போட்டோ. இப்படித்தானே? அந்த மூன்று நாளில் ஒரு செட்டையாவது முழுதாகக் கழற்றினீர்களா? என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரம் கழற்றுவது மட்டும்தான். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

நான் புதிதாக இந்த வேலைக்கு வந்தபோது ஏற்காட்டிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினாள். அசிட்டோனில் 20 நிமிடம் ஊற வேண்டியதை எட்டாவது நிமிடமே புஷர் என்கிற தள்ளும் கருவியால் நெம்பினேன். டப்பென்று வந்தது. வந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாய்ச் செதில், அவள் நகம்தான். நான்கு நாள் கழித்து போன் செய்தாள்: "அக்கா, டீ டம்ளரைப் பிடிக்க முடியல, நகம் வழியா சுடுது." நகத்தகடு மொத்தமே அரை மில்லிமீட்டர் கனம். அதில் பாதியை நான் உரித்திருந்தேன். மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிற நகம் முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். ஆறு மாதமும் அவளுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய?

எல்லா ஜெல்லும் அசிட்டோனில் ஊறாது. ஹார்ட் ஜெல்லை மெஷினில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் கடைசி மெல்லிய படலத்தை விட்டுவைத்து. எவ்வளவு விடுவது என்பது காதிலும் விரலிலும் தெரியும். சத்தம் மாறும், தூளின் நிறம் மாறும். வாடிக்கையாளர் 'சுடுது' என்றால் ஏற்கெனவே தாமதம். நகத்தின் மேல் பிறை பிறையாகச் சிவப்பு வளையம் விழுந்திருந்தால் யாரோ மெஷினின் பிட்டை, அதாவது சுழலும் முனையை, சாய்த்து அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் கைப்பழக்கம் பத்து விரலில் மட்டும் பழகினால் வராது.

இனி தூக்கிக்கொள்கிற விஷயம். நகத்தின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் ஒட்டினாற்போல ஒரு படலம் தெரியும். செத்த தோல், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு மேலே இருக்கும் மடிப்பு உயிருள்ள தோல், அதை வெட்டக் கூடாது. கிளாஸ்களில் இரண்டுக்கும் சேர்த்து க்யூட்டிகிள் என்றுவிடுவதால் புதிதாக வருகிறவர்கள் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை வெட்டுகிறார்கள். ஒன்று தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் நகச்சுற்று வரும்.

நம் ஊர் மணப்பெண்களிடம் இன்னொன்று கேளுங்கள்: மருதாணி எப்போது வைத்தாய்? சிவக்கட்டும் என்று நீலகிரித் தைலம் தடவியிருப்பார்கள். அந்தக் கையில் மறுநாள் டிப் ஒட்டினால் எப்படி நிற்கும்? செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் பற்றவைப்பு பிடிக்காது என்பார்கள். இங்கேயும் அதே கதை. நகத்தை முதலில் முடித்துவிட்டு மருதாணிக்கு அனுப்புங்கள். நலங்கு மஞ்சள் வெளிர் நிற ஜெல்லைக் கறையாக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முகூர்த்தத்தன்று போன் வரும்.

கையால் பிசைந்து சாப்பிடும் ஊரில் நீளத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் பேச வேண்டும். கற்கும் காலத்தில், நகத்தின் ரோஜா நிறப் பகுதி எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் நுனியை நீட்டாதீர்கள். நீளம் கூடக்கூட நடுவில் மேடு சரியான இடத்தில் இருக்க வேண்டும். தட்டையாகச் செய்துவிட்டால் பஸ் கம்பியில் இடித்தாலே, ஒட்டியதோடு நகமும் சேர்ந்து கிழியும்.

அக்ரிலிக் கற்றால் வெயிலையும் சேர்த்துக் கற்க வேண்டும். சித்திரையில் ஃபேன் மட்டும் ஓடுகிற முன்னறையில் பவுடரும் லிக்விடும் சேர்ந்த மணி, நீங்கள் பிரஷ்ஷால் அமர்த்துவதற்குள் கல்லாகிவிடும். அதே லிக்விடை மார்கழியில் ஏற்காட்டு ரிசார்ட் கல்யாணத்துக்கு எடுத்துப் போனால் சோம்பேறியாக நிற்கும், சில சமயம் உப்புப் பூத்தது போல் படிகம் கட்டும். லிக்விட் வாங்கும்போது அதன் மூலப்பொருள் ஈஎம்ஏ (EMA) என்று பார்த்து வாங்குங்கள். எம்எம்ஏ (MMA) என்கிற இன்னொன்று மலிவு, ஆனால் இரும்பு மாதிரி இறுகும், அசிட்டோனில் அசையாது. 1970-களிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை நகத்துக்கு வேண்டாம் என்று நடவடிக்கை எடுத்தது. இன்னொன்று, அசிட்டோனும் லிக்விடும் சட்டென்று தீப்பிடிக்கும். முன்னறையில் சாமி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மாஸ்க் தூளைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது.

சுத்தம் பற்றி ஒரே ஒரு சோதனை. கிளாஸ் நடத்துகிறவர் நீல விளக்குப் பெட்டியில் கத்தரியை வைத்துவிட்டு 'ஸ்டெரிலைஸ் ஆகிவிட்டது' என்றால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். உலோகக் கருவிக்கு ஆட்டோகிளேவ், 121 டிகிரி நீராவி. ஃபைலும் பஃபரும் ஒருவருக்கு ஒன்று. நகம் பச்சையாகவோ, தடித்தோ, சதையை விட்டுப் பிரிந்தோ இருந்தால் அதை மூடி மறைக்கக் கற்றுத்தருகிற இடமும் வேண்டாம். அந்த வாடிக்கையாளரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

எவ்வளவு நாள் என்றால், இந்தியாவில் இந்த வேலைக்குக் கட்டாய லைசென்ஸ் இல்லை. கலிஃபோர்னியாவில் 400 மணி நேரம் படித்துப் பரீட்சை எழுதிய பிறகுதான் அடுத்தவர் நகத்தைத் தொடலாம். இங்கே நாம்தான் நமக்கு விதி வைத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கு: ஒரே ஒரு முறையை, ஜெல் என்றால் ஜெல் மட்டும், குறைந்தது ஆறு வாரம், உயிருள்ள கைகளில் 25 முழு செட், போட்ட அதே கை மூன்று வாரம் கழித்து ரீஃபில்லுக்கு (நகம் வளர்ந்து விட்ட இடத்தை நிரப்ப) உங்களிடமே வர வேண்டும். மூன்று வாரம் கழித்து உங்கள் வேலையை நீங்களே பார்ப்பதைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லை. ஸ்கில் இந்தியாவின் கீழ் பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் தருகிற சான்றிதழ் என்றால் வெளியாள் வந்து மதிப்பிடுவார், அது பரவாயில்லை. ஃபேர்லேண்ட்ஸோ ஐந்து ரோடோ, எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு டீச்சர் என்று எண்ணுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் உங்கள் பிரஷ் பிடிக்கும் கோணத்தை யார் திருத்துவார்கள்?

டாக்டர் உங்களுக்கு அக்ரிலேட் அலர்ஜி என்று உறுதி செய்தால் இந்த வேலை வேண்டாம் என்றுதான் சொல்வேன், 12,000 போனாலும். அதற்கிடையில் அரிப்பு வந்த அந்தப் பெண்ணுக்கு இன்றே போன் போடுங்கள். அவரும் டாக்டரைப் பார்க்கட்டும். கழற்றுவதைத் தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போங்கள், செலவு உங்களுடையது. பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு 20 நிமிடமும் பாருங்கள்.