பயம் வாங்கிய சரக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கொரோனா வந்தபோது "மக்களின் வாங்கும் பழக்கம் இனி பழையபடி திரும்பாது" என்று எல்லோரும் சொன்னார்கள். நம்பி, இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு சானிடைசர் மொத்த வியாபாரத்தில் இறங்கினேன். முதல் சில மாதங்கள் சரக்கு வந்த வேகத்தில் போனது. அப்புறம் திடீரென்று படுத்துவிட்டது. காலாவதியான கேன்கள் இன்னும் கிடங்கில் கிடக்கின்றன. பழக்கம் மாறியது உண்மைதானே? நான் எங்கே தவறினேன்?

– ஆர்.

அன்புள்ள ஆர்,

ஊரடங்கில் முடிவெட்டும் கடை மூடிக்கிடந்ததால் நான் ஒரு டிரிம்மர் வாங்கினேன். ஒரு கண்ணாடிக்கு எதிரே இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்மண்டையை நானே வெட்டினேன். அடுத்த ஒரு மாதம் வீடியோ அழைப்புகளில் தலையைத் திருப்பவே இல்லை. கடை திறந்த முதல் நாளே போய் வரிசையில் நின்றேன். டிரிம்மர் இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ!

அதே நாட்களில்தான் பரிசோதனை முடிவை போனில் அனுப்பி மருத்துவரிடம் பேசவும் பழகினேன். அது இன்றும் தொடர்கிறது. பத்து நிமிடப் பேச்சுக்கு அரை நாள் காத்திருப்பது தொற்றுக்கு முன்பே எனக்குக் கசந்துதான் இருந்தது. தொற்று போனபின் அந்தக் கசப்புக்குத் திரும்ப யாருக்கு மனம் வரும்?

உங்கள் சரக்கு டிரிம்மர் வகை. பயம் இருக்கும்வரை ஓடும். போதாததற்கு, அதை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதமே பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்ஹெச் தன் வாசனைத் திரவிய ஆலைகளில் சானிடைசர் செய்யத் தொடங்கிவிட்டது. மது ஆலைகளும் இறங்கின. ஆல்கஹால் கையிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் உங்களுக்குப் போட்டி என்றால் விலை எத்தனை நாள் நிற்கும்?

இன்னொரு மயக்கமும் உண்டு. பல நாடுகளில் கழிப்பறைக் காகிதம் கடைகளில் தீர்ந்துபோனது நினைவிருக்கிறதா? பதுக்கல் ஒரு காரணம். ஆனால் அலுவலகத்தில் இருந்தவர்கள் வீட்டில் அடைந்ததால் தேவை இடம் மாறியதும் ஒரு காரணம். அலுவலகங்களுக்குப் போகும் பெரிய உருளை வேறு, வீட்டுக்கு வாங்குவது வேறு. ஒன்று தேங்கியது, மற்றது தீர்ந்தது. மொத்தத் தேவை அப்படியொன்றும் பெருகிவிடவில்லை. காலி அலமாரியைப் பார்த்துப் புது இயந்திரம் வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

நிலைத்து நின்ற தொழிலுக்கும் உதாரணம் இருக்கிறது. 2003-இல் சீனாவில் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று பரவியபோது, இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் ஊழியர்கள் வீட்டில் தனிமைப்பட்டிருந்த மே மாதத்தில் தாவோபாவ் இணையச் சந்தை தொடங்கியது. ஜூலையில் சார்ஸ் அடங்கிவிட்டது, சந்தை அடங்கவில்லை. முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பத் தயங்குவது அங்கே பழைய சங்கடம். பொருள் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைப் பின்னர் அவர்கள் கொண்டுவந்தார்கள். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பாருங்கள்.

அதனால் அடுத்த முறை சரக்கு பறக்கும்போது, வாங்குகிறவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதில் என்ன தொல்லை? தொல்லை எதுவும் இல்லையென்றால் விற்றுவிட்டு ஒதுங்குங்கள், கிடங்கு பிடிக்காதீர்கள். இதில் நீங்கள் மட்டும் ஏமாறவில்லை. இணையக் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை, 2022 ஜூலையில் ஏறத்தாழ பத்து சதவீத ஊழியர்களை அனுப்பியது. இணைய வணிகம் பல ஆண்டு வளர்ச்சியை ஒரேயடியாகத் தாண்டிவிட்டது என்று கணக்குப் போட்டது தப்பாகிவிட்டது என அதன் தலைவர் டோபி லுட்கே வெளிப்படையாக எழுதினார். அவர்களிடம் இல்லாத புள்ளிவிவரமா!

அப்புறம், அந்தக் கேன்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், ஆல்கஹால் பற்றிக்கொள்ளும். அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதுவரை மூடியை இறுக்கி, மின்பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.