மனோரமாவை நகைச்சுவை நடிகை என்று மட்டும் சொல்வது சரியா?

மனோரமாவைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. மனோரமாவை நகைச்சுவை நடிகையர் வரிசையில் வைப்பது பொருந்துமா என்பது ஒன்று. அவர் நடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் இன்றைய பார்வையாளர் எதிலிருந்து தொடங்கலாம் என்பது மற்றொன்று. முதல் பகுதிக்கு என் பதில், அந்த வரிசை அவருக்குப் போதாது என்பதே. சிரிக்க வைத்த மனோரமாவும் அழ வைத்த மனோரமாவும் ஒரே முறையில்தான் நடித்தார்கள். தான் ஏற்ற பாத்திரத்தைப் பார்த்து அவர் ஒருபோதும் சிரித்ததில்லை; சிரிப்பதை நம்மிடம் விட்டுவிடுவார்.

மன்னார்குடியில் 1937ஆம் ஆண்டு கோபிசாந்தாவாகப் பிறந்து, காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வளர்ந்து, சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர் அவர். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தவரை, 1958இல் வெளிவந்த தம்முடைய 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடத்துக்கு அழைத்தவர் கண்ணதாசன். கதாநாயகியாக நடித்தால் சில ஆண்டுகளோடு முடிந்துவிடும், நகைச்சுவை என்றால் காலமெல்லாம் நிலைக்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாக மனோரமாவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அந்தப் பாதை அதற்குமேல் நீளவில்லை. கவிஞரின் கணக்கு பலித்தது என்று சொல்லலாம், அதற்கு மனோரமா கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால்.

அவருடைய முறையை விளக்க எனக்குத் தோன்றும் முதல் சான்று, ஏ.பி.நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). சிவாஜியும் பத்மினியும் போட்டி போட்டு நடித்த அந்தப் படத்தில், நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வந்து சேர்கிறார். சிவாஜி ஏற்ற சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டு முடித்தபின், இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கிறாள் ரமாமணி. இதை வேறொருவர் பேசியிருந்தால், கேள்வியின் அசட்டுத்தனம் நமக்குப் புரிய வேண்டுமே என்று கண்ணைச் சுழற்றியோ குரலை இழுத்தோ காட்டியிருப்பார். மனோரமாவின் முகத்தில் குறும்பின் சாயல்கூட இல்லை. கேட்ட இசையில் திகைத்துப்போய், விவரம் தெரிந்துகொள்ள மெய்யாகவே ஆசைப்படும் ஒருத்தியின் முகம் அது. நாம் சிரிக்கிறோம்; சிரித்து முடிப்பதற்குள், ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எது என்றும் தோன்றிவிடுகிறது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் ஆடும் வாழ்க்கையை அறிந்த ஒருவருக்கு அந்தப் பாத்திரம் போய்ச் சேர்ந்தது தமிழ்ப் படவுலகின் நல்லூழ்.

வட்டார வழக்கைக் கையாள்வதிலும் இதே ஒழுங்கு அவரிடம் இருந்தது. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைத் தமிழில் 'வா வாத்யாரே ஊட்டாண்டே' பாடலைத் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். அதற்கு முந்தைய ஆண்டு கே.பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷுடன் தூத்துக்குடிப் பேச்சில் கலக்கியிருந்தார். 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் துருத்திய பல்லோடு கொங்கு நாட்டுத் தாயாக வந்தபோதும், ஒப்பனையை நம்பி அவர் நடிக்கவில்லை.

அவர் நடித்தவற்றில் போதிய அளவு பேசப்படாதது, பி.வாசுவின் 'நடிகன்' (1990) என்பது என் எண்ணம். வயோதிகராக வேடமிட்டு வீட்டுக்குள் நுழையும் சத்யராஜைக் காதலிக்கும், மணமாகாமல் நடுவயதைக் கடந்துவிட்ட பெண்ணாக மனோரமா நடித்திருப்பார். கதைப்படி அவள் ஏமாற்றப்படுகிறாள், அது நமக்கு முன்பே தெரியும், சிரிப்பு முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அவளுக்குத் தெரியாது என்பதை மனோரமா கடைசிவரை காப்பாற்றுகிறார். அவளுடைய வெட்கம் உண்மையான வெட்கம். காலம் கடந்து வந்த காதலை இரு கையாலும் பற்றிக்கொள்ளும் பெண்ணை அவர் நடிக்கிறார், அந்தப் பெண்ணைக் கேலி செய்ய வேறு எல்லோரும் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய நடிகைக்கு இப்படியொரு காதல் பாத்திரம் நம் வணிகப் படங்களில் கிடைப்பதே அரிது.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை; 'கம்முன்னு கெட' இன்றும் வீடுகளில் புழங்குகிறது. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) அதைவிட வியப்பானது. படத்தின் தொடக்கத்தில், நஞ்சூட்டப்பட்ட கர்ப்பிணிக்கு அடைக்கலம் தந்து, பிறந்த குழந்தைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு உயிர் தப்பி ஓடும் அதே பெண், பின்பகுதியில் மெக்கானிக் மகனை அதட்டும் கலகலப்பான தாயாக மாறுகிறாள். இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவில்லை. அதே ஆண்டு வெளிவந்த பார்த்திபனின் 'புதிய பாதை'க்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. திரைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகு, அதுவும் குணச்சித்திர வேடம் ஒன்றுக்காகவே அவரை டெல்லி கவனித்தது என்பதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு. நகைச்சுவைக்கு விருதுக் குழுக்கள் எப்போதும் கஞ்சத்தனமாகவே இருந்திருக்கின்றன. பத்மஸ்ரீ 2002இல் வந்தது.

எல்லாப் படங்களிலும் அவர் சிறந்து விளங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் தாய், பாட்டி வேடங்கள் அச்சில் வார்த்தவை போல வரத் தொடங்கின. தலையிலடித்துக்கொண்டு அழுவதும் நீளமான வசனத்தில் மகனைச் சபிப்பதும் இயக்குநர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட, அவரும் கேட்டதைக் கொடுத்தார். ஆண்டுக்குப் பல படங்களில் நடிப்பவரால் ஒவ்வொன்றையும் செதுக்க முடியாது. ஆயினும் ஷங்கரின் 'இந்தியன்' (1996) படத்தில் நிவாரணத் தொகைக்காக அலுவலகங்களில் அலையும் கிராமத்துக் கிழவியாகச் சில காட்சிகளே வந்தாலும், அங்கே அழுகையை அடக்கி ஆத்திரத்தை முன்னே வைத்திருப்பார்.

எங்கிருந்து தொடங்குவது என்ற இரண்டாவது பகுதிக்கு, நான் 'தில்லானா மோகனாம்பாள்', 'நடிகன்', 'புதிய பாதை' என்ற வரிசையைச் சொல்வேன். 1988இல் வந்த 'பாட்டி சொல்லைத் தட்டாதே'யை, படத்தின் தலைப்பே அவரைச் சுட்டுகிறது என்பதற்காகவேனும் அடுத்துப் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: இவற்றை இணையத்தில் கிடைக்கும் நகைச்சுவைத் தொகுப்புகளாகப் பார்க்காதீர்கள். தொகுப்பவர்கள் சிரிப்பு முடிந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். மனோரமாவின் முகம் மாறத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கு அடுத்த நொடியில்தான்.